லைட்டர் கல் பிறந்த கதை

பெட்டிக்கடையில் லைட்டருக்குக் கல் கேட்டால் அரிசிமணி அளவில் ஓர் உருளையைத் தருவார்கள். அது கல்லே அல்ல, உலோகம். அதுவும் விளக்கு மேண்டில் செய்த ஆலையின் கழிவில் பிறந்த உலோகம்.

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கைவைத்து நொறுக்குவாரே, பெட்ரோமாக்ஸ் மேண்டில், அதன் மூதாதையைச் செய்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். தோரியம், சீரியம் உப்புக் கரைசலில் துணியை நனைத்துக் கொளுத்தினால் நூல் எரிந்துபோய் ஆக்சைடு வலை மட்டும் நிற்கும். தொட்டால் உதிராமல் என்ன செய்யும்? 1891இல் அவருக்குப் பக்குவம் பிடிபட்டது: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு.

தோரியம் மோனசைட் மணலில் கிடைத்தது. ஆனால் அதில் தோரியம் பத்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. பாதிக்கு மேல் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள்தான். மேண்டிலுக்கு அவற்றில் சிட்டிகை போதும். மிச்சம் ஆலையில் குவிந்தது. ஆவர் அதை உலோகமாக்கி இரும்பைக் கலந்தார். உரசியதும் துகள் பறந்து காற்றிலேயே பற்றிக்கொண்டது. அதுதான் லைட்டர் கல். அதற்கு 1903இல் காப்புரிமை வாங்கினார்.

மேண்டில் ஆலைகளுக்கு மோனசைட் மணல் முதலில் பெரும்பாலும் பிரேசிலிலிருந்து போனது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் ஊரைத் தேடி வந்தார். அந்த ஊரான மணவாளக்குறிச்சி தொழிலூரானது அப்படித்தான். 1950இல் தொடங்கிய இந்திய அரசின் அருமண் நிறுவனம் இன்றும் அங்கே மணல் பிரிக்கிறது.

அன்று கழிவாகக் குவிந்த அருமண்ணுக்காக இப்போது அனல்மின் நிலையச் சாம்பலையும் உலகம் துழாவுகிறது. நிலக்கரி எரிந்தபின், எரியாத உலோகங்கள் சாம்பலில் செறியும். பெரும்பாலான சாம்பலில் அவை கண்ணாடித் துகளுக்குள் சிறைபட்டிருக்கும். சுண்ணாம்பு மிகுந்த சாம்பல் அமிலத்துக்கு எளிதில் இளகும். அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகை நிலக்கரியின் சாம்பலில் 2016இல் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலும் சுண்ணாம்பு மிகுந்த ஜாதி. ஆனால் அதே சுண்ணாம்பு அமிலத்தையும் குடித்துத் தீர்க்கும்.

அதைவிடப் பெரிய தலைவலி அளவு. பொதுவாகச் சாம்பலில் டன்னுக்குச் சில நூறு கிராம் அருமண்தான் இருக்கும். மற்றதெல்லாம் சேறாக மிஞ்சும். நெய்வேலிச் சாம்பலை வாங்க சிமென்ட் ஆலையும் செங்கல் சூளையும் இருக்கின்றன. அமிலத்தில் ஊறி வெளிவரும் சேற்றை அவர்கள் வாங்குவார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.