‘பொய்யான’ டொல்மா: அடைத்த காய்கறி உணவின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

உணவின் வரலாற்றை அரண்மனை விருந்துகளின் வரலாறாக எழுதும் போக்கிற்கு உதுமானியப் பேரரசின் டொல்மாவும் தப்பவில்லை. ‘நிறைதல்’ எனப் பொருள்படும் துருக்கி வினையடியாகப் பிறந்த இச்சொல், குடைந்த காயினுள்ளோ திராட்சை இலையினுள்ளோ அரிசி முதலியவற்றை அடைத்துச் சமைக்கும் உணவைக் குறிப்பது. எதனை அடைத்தனர், எதனை அடைக்க இயலாதிருந்தனர் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

கொத்திய ஆட்டிறைச்சி சேர்ந்ததே முழுமையான டொல்மா. இறைச்சியின்றி அரிசி, வெங்காயம், ஒலிவ எண்ணெய் கொண்டு ஆக்கப்பட்டதற்கு ‘யாலஞ்சி’, அதாவது ‘பொய்யானது’, என்று பெயர். இப்பெயரீட்டில் ஒரு மதிப்பீடு உறைந்திருக்கின்றது. எனினும், இறைச்சியின்மையை வறுமையின் நேரடிச் சான்றாகக் கொள்வது இயந்திரப் பாங்கான வாசிப்பாகும். கிறித்தவ நோன்பாளர்க்கும் இது ஏற்ற உணவு; நகரத்துச் செல்வர் வீட்டு யாலஞ்சியிலோ பைன் விதையும் உலர்ந்த திராட்சையும் கறுவாவும் இடம்பெற்றன. உதுமானியத் துருக்கியின் முதல் அச்சுச் சமையல் நூலான மெஹ்மெத் காமிலின் நூல் (1844) எண்ணெய் டொல்மாவுக்கும் நெய் டொல்மாவுக்கும் ஒருங்கே இடமளிக்கின்றது. ஆனால், எழுத்தறிந்த நகரத்தார்க்கான அந்நூலிற் குடியானவனின் அடுப்பைத் தேடுவது வீண்.

இப்பாகுபாட்டை இன்றைய ஊட்டவியல் எவ்வாறு நோக்கும்? அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. கடலையோ பருப்போ சேருமிடத்து அக்குறை பெரிதும் நீங்குகின்றது. விற்றமின் பீ12 மாத்திரம் தாவர உணவிற் கிட்டுவதில்லை. ஆகவே, சிறிதளவு இறைச்சியைப் பல காய்களிற் பகிர்ந்தடைத்தமை வெறும் சிக்கனமன்று.

மறுபுறம், வெறும் கொள்கலமாகக் கருதப்பட்ட காயே ஊட்டத்தின் ஊற்றாகவும் இருந்தது. 1492க்கு முன் பழைய உலகம் அறியாத கறிமிளகாய் பின்னர் டொல்மாவின் தலையாய காயாயிற்று. பச்சையாக 100 கிராம் சிவப்புக் கறிமிளகாயில் 120 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சீ உண்டு. ஒருகாலத்தில் உதுமானியர் ஆட்சிக்குட்பட்டிருந்த ஹங்கேரியின் செகெட் நகரில், 1930களில், ஆல்பர்ட் சென்ட் ஜியோர்ஜி இவ்விற்றமினைப் பெருமளவிற் பிரித்தெடுத்தது மிளகாயிலிருந்தே. 1937இல் நோபல் பரிசும் பெற்றார். சமைக்கையில் இதன் ஒரு பகுதி வெப்பத்தால் அழியும். ஒரு பகுதி நீரிற் கரைந்துவிடும். ஆனால், டொல்மா வெந்த சாற்றை எவரும் கொட்டுவதில்லை. எஞ்சிய விற்றமின், தாவர உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் துணைசெய்யும். ‘பொய்’ எனப்பட்ட உணவுக்கு இத்துணை இன்னும் அவசியமானது.

அசர்பைஜானின் டொல்மா மரபை யுனெஸ்கோ 2017இல் மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மகிழத்தக்கதே. ஆயின், ஐம்பது காய்களை ஒவ்வொன்றாகக் குடைந்து, அடைத்து, அடுக்கிய வீட்டுப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பு நேரத்தை எந்தச் சமையல் நூலும் கணக்கிட்டு எழுதியதாக நாம் காணவில்லை.