பொர்தோவில் ஒரு பாடம், ஒரு கேள்வி

1887ஆம் ஆண்டு பிரான்சின் பொர்தோ நகரக் கலைப்புலத்தில் ‘சமூக அறிவியல்’ என்ற பெயரில் புதிய பாடம் ஒன்று தொடங்கியது. நடத்த வந்த எமில் துர்கைமுக்கு வயது 29. அதுவரை பள்ளிகளில் தத்துவம் கற்பித்தவர். இடையே ஜெர்மனியில் தங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களைக் கண்டுவந்தவர். பணி நியமனத்தில் கல்வியியலும் சேர்ந்திருந்ததால், பள்ளி ஆசிரியர்களுக்கும் அவர் வகுப்பெடுக்க வேண்டியிருந்தது.

சமூகவியல் என்றொரு அறிவியல் இருக்க முடியுமா என்பதே அன்று கேள்விக்குரியதாக இருந்தது. தொடக்க உரையில் துர்கைம் கோந்த், ஸ்பென்சர் முதலியோரின் பங்கை எடைபோட்டார். தத்துவம், வரலாறு, சட்டம் பயில்வோருக்கு இத்துறை என்ன தரும் என்றும் சொன்னார். ஆனால் முன்னோடிகளின் வரிசை அந்த உரையோடு நின்றது. ஆண்டு முழுவதும் அவர் பேச எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி: மனிதரை ஒருவரோடொருவர் பிணைப்பது எது?

அறிமுக வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. கேள்வி எளிது, விடை எளிதன்று. ஒப்பந்தத்தால் பிணைகிறோம் என்று மாணவர் சொல்லக்கூடும். ஸ்பென்சரும் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணினார். அப்படியானால் ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? இருவர் கையெழுத்திடும் முன்பே அவர்களுக்கு வெளியே அது நிலவுகிறது. சமூகம் என்ற கருத்து மாணவருக்குப் பிடிபடும் இடம் இதுவே. எந்த வரையறையை மனப்பாடம் செய்தாலும் இது கிடைக்காது.

அந்தப் பிணைப்பு கண்ணுக்குத் தெரியாதே, அதை ஆராய்வது எப்படி? சட்டத்தைப் பார் என்பது துர்கைமின் வழி. குற்றவாளியைத் தண்டிக்கும் சட்டம், ஒரே நம்பிக்கைகளைப் பகிர்வோரின் பிணைப்பைக் காட்டுகிறது. இழப்பைச் சரிசெய்யும் சட்டம், வேறுவேறு தொழில் செய்து ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வோரின் பிணைப்பைக் காட்டுகிறது. காணாததைக் காண்பதன் வழியே அளக்கும் இந்த முறை 1893இல் வேலைப் பிரிவினை பற்றிய அவரது ஆய்வேட்டில் விரிந்து வந்தது.

ஒரே கேள்வியோடு பாடத்தைத் தொடங்குவதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. சிகாகோவில் பார்க், பர்ஜெஸ் என்ற சமூகவியலாளர் இருவரும் 1921இல் வெளியிட்ட அறிமுக நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். பலருடைய எழுத்துகளைத் தொகுத்துத் துறையின் பரப்பையே கண்முன் விரித்த அந்நூல் ஒரு தலைமுறையையே உருவாக்கியது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஒற்றைக் கேள்வியைப் பற்றிச் செல்லும் வகுப்பில் மார்க்ஸ் விடுபடலாம், வெபர் விடுபடலாம். ஆனால் விடுபட்டவர்களை நூலகத்தில் தேடிப் படித்துவிடலாம். ஒரு கேள்வியைச் சான்றுவரை துரத்திச் செல்வதை, அதைச் செய்துகாட்டும் ஆசிரியரின் எதிரே அமர்ந்து கற்பதே எளிது. முதன்முறை பாடம் எடுப்பவர், எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் இழப்பது இதைத்தான்.

1888இல் துர்கைம் குடும்பத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். 1889இல் தற்கொலையைப் பற்றி. இந்த இரண்டாவது பாடத்தின் கேள்வி வகுப்போடு முடியவில்லை. நீதித்துறைப் புள்ளிவிவரப் பிரிவின் தலைவரும் கருத்தளவில் துர்கைமின் எதிரியுமான கப்ரியேல் தார்த், அச்சேறாத ஆவணங்களைப் பார்க்க இடம் கொடுத்தார். சுமார் 26,000 தற்கொலைப் பதிவுகளை வயது, பால், மணநிலை, குழந்தைகள் உண்டா இல்லையா என்று வகைபிரித்து அட்டவணையாக்கினார் மார்செல் மோஸ். துர்கைமின் சகோதரி மகனான அவர், பொர்தோவில் மாமனிடமே பாடம் கேட்டவர். ‘தற்கொலை’ நூல் 1897இல் வெளிவந்தது.