காட்டாமணக்கு விதையும் திர்யாக்கும்

செந்துறை போன்ற மானாவாரிப் பகுதிகளில் வேலியோரச் செடியாகக் காட்டாமணக்கை நாம் அறிவோம். ஆடு மாடுகள் வாய் வைக்காத இச்செடியின் விதையைப் பிள்ளைகள் தின்றுவிடுகின்றனர். உள்ளிருக்கும் பருப்பு நிலக்கடலை போல் ருசிப்பதே காரணம்.

இது நம் மண்ணின் செடியன்று. நடு அமெரிக்காவில் தோன்றி, போர்ச்சுக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரவியது. இதன் எண்ணெய் விளக்கெரிக்கவும் சோப்புக் காய்ச்சவும் பயன்பட்டது. 2003-இல் மத்தியத் திட்டக்குழுவின் அறிக்கை பயோடீசலுக்காக இதனைப் பரிந்துரைத்தது. தமிழகத் தரிசு நிலங்களிலும் பயிரிட்டனர். எதிர்பார்த்த எரிபொருள் கிடைக்கவில்லை. ஆனால், பள்ளிச் சிறார்கள் கூட்டமாக இவ்விதையைத் தின்று மருத்துவமனையில் சேர்க்கப்படும் செய்திகள் தமிழகத்தில் அவ்வப்போது வந்துகொண்டேயிருக்கின்றன.

விதையிலுள்ள குர்சின் என்னும் புரதமும் ஃபோர்பால் எஸ்டர்களும் குடலைப் புண்படுத்துகின்றன. தொண்டை எரிச்சல், வயிற்றுவலி, வாந்தி, பேதி ஆகியவை தொடர்கின்றன. உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதே பெரிய ஆபத்து.

நஞ்சு முறிவு நம் அறிஞர்கள் ஆழ்ந்து கற்ற துறை. இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலின் நான்காம் பகுதியில் நஞ்சுகளைப் பற்றி எழுதினார். முறிவு மருந்தை அரபியர் 'திர்யாக்' என்றனர். காட்டாமணக்குக்கோ இன்றுவரை தனித் திர்யாக் இல்லை. இழந்த நீரை உரிய நேரத்தில் ஈடுசெய்வதே இதன் மருத்துவம்.

அந்த நீரின் ஆற்றலை உலகம் கண்டது 1971-இல். வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பொங்காவ்ன் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் புகட்டச் செய்தார். 20 முதல் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று விதை தின்ற பிள்ளைக்கும் நிலைமைக்கேற்ப உப்புச் சர்க்கரைக் கரைசலோ நரம்புவழித் திரவமோ தரப்படுகிறது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை விதையைத் தின்றது தெரிந்தால் விரலைவிட்டு வாந்தியெடுக்க வைக்காதீர்கள். கைமருந்து தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். எஞ்சிய விதையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள். அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். துஆவும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். வேலியோரச் செடியை அவர்களுக்கு இன்றே அடையாளம் காட்டுவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே.