முதல் வகை நீரிழிவுள்ள சிறார்களில் தைராய்டு கோளாறுகள்

முதல் வகை நீரிழிவுள்ள சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கூடவே வரும் தன்னெதிர்ப்பு நோய்களில் மிகப் பரவலானது தைராய்டு அழற்சி. கணையத்தின் பீட்டா செல்களை அழித்த நோய் எதிர்ப்பு மண்டலமே முன்கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியையும் தாக்குகிறது. இச்சிறாரில் ஏறத்தாழ 15 முதல் 30 விழுக்காட்டினரின் இரத்தத்தில் தைராய்டு எதிர்ப்பொருள்கள் தென்படுகின்றன. சுரப்பே குறைந்துபோவது 3 முதல் 8 விழுக்காட்டினருக்கு. பெண் குழந்தைகளுக்கு இது கூடுதல். அயோடின் குறைவால் வருவதல்ல என்பதால், உப்பை மாற்றிப் பயனில்லை.

ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்த இந்நோய், நீரிழிவுள்ள குழந்தையிடம் வேறு வேடத்தில் வரும். அதே இன்சுலின், அதே சாப்பாடு. ஆனாலும் சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துவிடும். உயரம் நின்றுபோகும். ஊசி போட்டதில்தான் தவறு என்று தாயைக் கடிந்துகொள்ளும் முன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவைப் பார்க்க வேண்டும். செலியாக் நோயும் அட்ரினல் சுரப்பிக் குறைவும் இப்படிச் செய்யும் என்பதையும் மறக்கக் கூடாது. அரிதாக வரும் மிகைச் சுரப்பில் நிலைமை தலைகீழ்: எடை குறையும், படபடப்பு வரும், சர்க்கரை ஏறும்.

நீரிழிவு கண்டறியப்பட்ட உடனே, உடல் தேறாத நிலையில் எடுக்கும் தைராய்டு அளவுகளை நம்ப முடியாது. சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் டி.எஸ்.எச்., எதிர்ப்பொருள் இரண்டையும் பார்த்து, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கின்றன பன்னாட்டு வழிகாட்டுதல்கள். எதிர்ப்பொருள் இருந்தாலோ அறிகுறி தெரிந்தாலோ அதற்கு முன்பே சோதிக்க வேண்டும்.

கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டிய, கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் ஒரே குழந்தையின் சிகிச்சை கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு என்று பிரிந்துபோவது எளிது. உயரம், எடை, இன்சுலின் அளவு மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி எங்கு போனாலும் கொண்டுசெல்வது நல்லது. வளர்ச்சி நின்றது அதில்தான் பிடிபடும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் அது பெரும்பாலும் பெரியவர்களின் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமானது. அதனால் முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு மருத்துவமனைத் தொடர்பு அறுபடக் கூடாது.

சுரப்புக் குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பாலோ கேழ்வரகுக் கஞ்சியோ கொடுக்கலாம். எழும்போதே சர்க்கரை தாழ்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது, குளுக்கோஸ்தான் முதலில். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இம்மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. தைராய்டு சீராகும்போது இன்சுலின் தேவை மீண்டும் கூடும் என்பதால், அந்த வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்த்து, மருத்துவரிடம் கேட்டு ஊசி அளவைத் திருத்த வேண்டும்.