ஐந்தாம் தந்தி பிறந்த வரலாறு

கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் பலர். அதைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தை நினைப்பவர் சிலரே. இசைக்குழுவிலும் இதே நிலைதான். பாடுகிறவரின் குரலை எல்லாரும் கேட்கிறோம். வயலினையும் கீபோர்டையும் அடையாளம் காண்கிறோம். அவற்றுக்கெல்லாம் அடியில் ஆழ்ந்து ஒலிக்கும் பேஸ் கிட்டாரை மட்டும் நம்மில் பலர் தனியே கவனிப்பதில்லை. ஆனால் அது இடையில் நின்றுவிட்டால், ‘ஏதோ குறைகிறதே’ என்று எல்லாரும் உணர்வோம். இளையராஜாவின் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு தந்திகள். ஐந்து தந்தியுள்ள கருவியும் இப்போது மேடைகளில் காணக் கிடைக்கிறது. அதை வாங்கிவிட வேண்டுமென்று மாதாமாதம் பணம் சேர்த்து வைக்கும் இளைஞர்கள் உண்டு. ‘நான்கு போதாதா, ஐந்தாவது எதற்கு?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதும் இயல்பே. அக்கேள்விக்கு விடை அக்கருவியின் வரலாற்றில் இருக்கிறது. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

ஆளுயரக் கருவி

மேலை இசையில் தாழ்ந்த சுரங்களை ஒலிக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது டபுள் பேஸ். வயலினைப் போன்ற தோற்றமும் ஏறத்தாழ ஆறடி உயரமும் கொண்டது. அதன் நான்கு தந்திகளும் ஈ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களுக்குச் சுருதி கூட்டப்படுகின்றன. எல்லாவற்றிலும் தாழ்ந்த ஈ தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. இன்னும் தாழ்ந்த சுரங்களுக்காக ஐந்தாம் தந்தி பூட்டிய டபுள் பேஸ்களும் ஐரோப்பியப் பெரும் இசைக்குழுக்களில் உண்டு.

கருவி சிறந்ததே, ஆனால் அதைச் சுமந்து ஊர் ஊராகச் செல்வது பெரும்பாடு. மேலும், ட்ரம்பெட்டும் ட்ரம்ஸும் முழங்கும் நடனக் குழுக்களில் அதன் ஒலி எடுபடவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க முதலில் முயன்றவருள் ஒருவர், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹவாய் கிட்டார் கற்பித்து வந்த பால் டட்மார்க். 1930களின் நடுவில் அவர் ‘ஆடியோவாக்ஸ் 736’ என்னும் மின்சார பேஸை உருவாக்கினார். சாதாரணக் கிட்டாரைப் போல் குறுக்கே பிடித்து வாசிக்கத்தக்கது அது. காலம் கனியவில்லை போலும். அக்கருவி பரவலாக விற்பனையாகவில்லை.

வெற்றி கண்டவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் இவர். இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரியது. வாசிப்பவர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்பதே இவரது மூலதனம். 1951இல் இவர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் கருவியை வெளியிட்டார். நம் வீணையில் உள்ள மெட்டுகளைப் போன்ற உலோகக் கம்பிகள் அதன் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்தமையால் சுரம் பிசகாமல் துல்லியமாக ஒலித்தது. ‘துல்லியம்’ என்று பொருள்படும் பெயரை அது பெற்றதும் அதனாலேயே. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் இந்த அளவிலேயே செய்யப்படுகின்றன.

பெயர் தெரியாத விரல்

இக்கருவியால் என்ன சாதிக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் முதலிடம் ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு உரியது. டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் 1960கள் முழுவதும் வாசித்தவர் அவர். வலக்கையின் ஒரே விரலால் தந்தியை மீட்டியே அத்தனையையும் செய்தார். உலகெங்கும் மக்கள் அப்பாடல்களைப் பாடினர்; ஆனால் 1971 வரை அந்நிறுவனத்தின் உறைகளில் அவரது பெயர் அச்சாகவில்லை. அடித்தளத்தின் பேறு அதுதான் போலும்! 1983இல் அவர் மறைவதற்குச் சில நாட்களுக்கு முன் அவரது அன்புக் கருவியும் திருடு போயிற்று.

முதலில் மேலே, பிறகு கீழே

ஐந்தாம் தந்தியை மின்சார பேஸில் முதலில் பூட்டியதும் ஃபெண்டர் நிறுவனமே. 1965இல் ‘பேஸ் ஃபைவ்’ வெளிவந்தது. ஆனால் கூட்டிய தந்தி கீழ்ச்சுருதித் தந்தி அன்று. மேலே ஒலிக்கும் சி தந்தி. தந்திகள் நெருக்கமாக இருந்தன. மெட்டுகளும் 15 மட்டுமே. மக்கள் அதை விரும்பி வாங்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

இசைவாணர்கள் தேடியது ஆழத்தை. அவருள் ஒருவர் அமெரிக்கரான அந்தோணி ஜாக்சன். ஜேமர்சனையும், பிரெஞ்சு இசைமேதை ஒலிவியே மெசியானையும் தம்மை ஆட்கொண்டவர்களாகக் குறிப்பிட்டவர். மெசியானோ பாரீஸ் நகரின் தமதிரித்துவ ஆலயத்தில் 1931 முதல் ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆர்கன் வாசித்தவர். 1975இல், ஜாக்சன் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கார்ல் தாம்சன் என்னும் கைவினைஞர் ஆறு தந்தி பேஸ் ஒன்றைச் செய்து கொடுத்தார். கீழே ஒரு பி தந்தி, மேலே ஒரு சி தந்தி.

அடுத்த ஆண்டு, 1976இல், ஜிம்மி ஜான்சன் என்பவர் ஆலெம்பிக் நிறுவனத்தின் ஐந்து தந்தி பேஸில் தாழ்ந்த பி தந்தியைப் பூட்டினார். அதற்கேற்ற தடித்த தந்தி கடையில் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. ஜி.எச்.எஸ். என்னும் தந்தி உற்பத்தி நிறுவனத்தின் துணையோடுதான் அது கைகூடியது. இன்று நாம் காணும் ஐந்து தந்தி பேஸின் வடிவம் இவ்வாறே உருவாயிற்று.

1980களில் சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவி மெல்லிசையில் பெருகியது. ஈ சுரத்துக்கும் கீழே அது எளிதாக இறங்கியது. பேஸ் வாசிப்பவர்களும் இறங்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1987இல் மியூசிக் மேன் நிறுவனம் ‘ஸ்டிங்ரே 5’ என்னும் கருவியை வெளியிட்டது. பிற நிறுவனங்களும் செய்யத் தொடங்கின. அரும்பொருளாக இருந்தது கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

ஆழம் எளிதில் கிட்டுவதில்லை

தாழ்ந்த பி தந்தி விநாடிக்குச் சுமார் 31 முறை அதிர்கிறது. பெரிய குழல் ஆர்கனில், 16 அடிக் குழல்களை ஒலிக்கும் கால்கட்டைகளில் மிகத் தாழ்ந்த சி சுரத்தின் அதிர்வு சுமார் 33. அதாவது, தோளில் தொங்கும் ஒரு கருவி அந்த நெடுங்குழலையும் விட அரைச்சுரம் கீழே இறங்கிவிடுகிறது!

ஆனால் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை உண்டு. அதே நீளத்தில், அதே விறைப்போடு, ஈ தந்தியிலிருந்து பி சுரத்துக்கு இறங்க வேண்டுமானால் தந்தியின் எடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காக வேண்டும். ஆகவே ஈ தந்தி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிப்பென்றால், பி தந்தி மூன்று மில்லிமீட்டருக்கும் மேல். தந்தி தளர்ந்தால் சுரம் தெளியாது. வெறும் உறுமலே கேட்கும். அதற்காகச் சிலர் தந்தியின் நீளத்தை 35 அங்குலமாக்கினர். கழுத்தை அகலமாகவும் வலுவாகவும் செய்தனர். ஒலிபெருக்கியும் அந்த ஆழத்தைத் தாங்க வேண்டும். நல்ல ஐந்து தந்திக் கருவியின் விலை கூடுதலாக இருப்பதற்கும், அதை வாசிப்போர் தேடித் தேடி வாங்குவதற்கும் காரணம் இதுவே.

நான்கு போதாதா?

இப்போது பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். ஒரு பாடல் ஈ சுருதியில் அமைந்திருக்கிறது என்று கொள்வோம். சிறுவர்களும் முதியவர்களும் சேர்ந்து பாடும்போது அந்தச் சுருதி எட்டவில்லை. பாடலை டி சுருதிக்கு இறக்குகிறோம். பாடுபவர்களுக்கு நிம்மதி. ஆனால் நான்கு தந்திக்காரருக்கு ஈ தந்திக்குக் கீழே போக வழியில்லை. அவர் தாழ்ந்த டி சுரத்தை விட்டுவிட்டு ஒரு ஸ்தாயி மேலே தாவ வேண்டும். பாட்டின் அடித்தளம் அந்த இடத்தில் காலியாகிவிடும். ஐந்தாம் தந்தி இருந்தால், குரல்கள் எவ்வளவு இறங்கினாலும் அவற்றுக்குக் கீழே நின்று தாங்கலாம். ஆகவே ஐந்தாம் தந்தி ஆடம்பரமன்று. உயரப் பாட இயலாதவர்களுக்கு அது பெரிதும் துணை செய்கிறது எனின் மிகையாகாது.

தேடிக் கிடைத்த மகிழ்ச்சி

இசைவாணருக்கும் கருவிக்கும் உள்ள பாசத்துக்கு அண்மைச் சான்று ஒன்று. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுன் கொடுத்து வாங்கிய ஹாஃப்னர் பேஸ், 1972இல் லண்டனில் களவு போயிற்று. உலகறிந்த செல்வந்தர், நூறு கருவிகள் வாங்க வல்லவர். எனினும் அந்த ஒன்றைத் தேடும் முயற்சி நடந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் அது அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று.

நெடுநாள் விரும்பிய ஐந்து தந்தி பேஸ் கைக்கு வரும் இளைஞரின் மகிழ்ச்சியும் இத்தகையதே. பெட்டியைத் திறக்கிறார். கனத்தைத் தோளில் உணர்கிறார். பழகிய நான்கு தந்திகளை விட்டு, முதலில் அந்த ஐந்தாம் தந்தியைத்தான் மீட்டுகிறார். ஒலி காதுக்கு வருமுன் காலடித் தரையிலும் நெஞ்சிலும் அதிர்வு தெரிகிறது. வீட்டார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். கடை கடையாய் அலைந்ததும், காசு எண்ணிச் சேர்த்ததும் அந்த ஒரு நொடியில் மறந்து போகின்றன.

அந்த ஒற்றைத் தந்தியில் டட்மார்க்கின் முயற்சியும், ஃபெண்டரின் செவியும், ஜேமர்சனின் விரலும், ஜாக்சன், ஜான்சன் ஆகியோரின் விடாப்பிடியும் சேர்ந்திருக்கின்றன. வாங்கியவர் அதைத் தனக்கென மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. பேஸ் தனியே ஒலிக்கப் பிறந்த கருவியன்று. அடுத்த முறை பலர் கூடிப் பாடும்போது, அன்பு வாசகர்களே, ஒரு கணம் குரல்களுக்குக் கீழே செவி கொடுங்கள். அங்கே ஒருவர் உங்கள் பாட்டைத் தாங்கிக்கொண்டு நிற்பார். பாடல் முடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்.