கடிதம் எங்கே தூங்கியது?

அந்தக் காலத்தில் தபாலில் இரண்டு முத்திரை இருக்கும். போட்ட ஊர் ஒன்று, வந்து சேர்ந்த ஊர் ஒன்று. எனக்கு வந்த மாறுதல் உத்தரவு ஒன்று பதினோரு நாள் தாமதம். முத்திரைகளைப் பார்த்தேன். தபால்காரர் மேல் தப்பில்லை, அனுப்பிய அலுவலக மேசையிலேயே தூங்கியிருக்கிறது!

கணினிக்காரர்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள் நண்பர்களே. இணையம் வீட்டுக்கு வராத காலம். அமெரிக்காவில் பலர் தங்கள் கணினியை மோடம் மூலம் வீட்டுத் தொலைபேசியோடு இணைத்து வைத்திருந்தார்கள். யாரும் அந்த எண்ணை அழைத்து அதில் எழுதலாம், படிக்கலாம். பள்ளிக்கூட அறிவிப்புப் பலகை மாதிரிதான். பெயரும் அதேதான்: புல்லட்டின் போர்டு.

ஆனால் ஒரு பலகையில் எழுதியது அடுத்த பலகைக்குப் போகாது. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த டாம் ஜென்னிங்ஸும் பால்டிமோரில் இருந்த ஜான் மாடிலும் அதற்கு வழி செய்தார்கள். ஒருவர் மேற்குக் கடற்கரை, மற்றவர் கிழக்குக் கடற்கரை. கட்டணம் குறைவான பின்னிரவில் ஒரு கணினி மற்றதை அழைத்துக் கடிதங்களைக் கொடுத்துவிட்டு வைத்துவிடும். இதுதான் ஃபைடோநெட். ஃபைடோ என்பது அங்கே நாய்க்கு வைக்கும் பெயர். கண்ட பாகங்களையும் சேர்த்துக் கட்டிய கணினி என்பதால் அப்படி ஒரு பெயர்.

கடிதம் போகாததற்குக் காரணங்கள் ஏராளம். எதிர்முனை பிஸி, மோடம் அணைந்திருக்கும். கடிகாரம் இன்னொரு தலைவலி. அன்றைய ஐ.பி.எம். பி.சி.யில் மின்கலக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் 1980 ஜனவரி 1 என்று ஆரம்பிக்கும். நேரம் தப்பினால் அன்றைய தபாலும் தப்பும்.

இவற்றைவிட மோசமானது தவறான எண். ஆரம்ப நாட்களில் பட்டியலில் ஓர் எண் பிழையாக ஏறிவிட்டது. அந்த எண்ணில் மோடமே இல்லை, வீட்டில் இருந்தது ஒரு மூதாட்டி. நடுராத்திரியில் போன் அடிக்கும், எடுத்தால் மனிதக் குரல் இருக்காது. பதில் வராததால் கணினி மறுபடியும் அழைக்கும். அதற்கு அலுப்பேது? வீட்டில் ஏதோ கெட்ட செய்தியோ என்று அந்த அம்மா எப்படிப் பதறியிருப்பார்!

பட்டியலைப் பராமரிக்கும் வேலை செயின்ட் லூயிஸில் இருந்த கென் கப்லான், பென் பேக்கர் குழுவினரிடம் போனது. புதிதாகச் சேர்பவருக்கு ஒரு விதியும் வந்தது. விண்ணப்பத்தை ஃபைடோநெட் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், பதிலும் அதே வழியில்தான் வரும். அனுப்பவும் வாங்கவும் தெரிந்தால்தானே இரண்டும் நடக்கும்! தனியாகத் தேர்வு வைக்காமலே தேர்வு வைத்துவிட்டார்கள். ஆசிரியனாக எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மென்பொருள் எழுதியவரை உலகம் கொண்டாடுகிறது, சரிதான். சம்பளமில்லாமல் உட்கார்ந்து எண்களைச் சரிபார்த்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

1985இல் ஊர்வாரியாகப் பிரித்து, ஓர் ஊருக்கு வரும் கடிதங்களை ஒரு கணினியே வாங்கிப் பகிரும்படி செய்தார்கள். செலவு குறைந்தது. ஆனால் அந்த ஒன்று படுத்தால் ஊரே காத்திருக்கும்.

பிறகு டல்லாஸின் ஜெஃப் ரஷ், ஒருவர் எழுதியதை எல்லாப் பலகைகளும் பெறும் எக்கோமெயிலைக் கொண்டுவந்தார். இப்போது நேர்மாறான தொல்லை: கடிதம் வராமல் போவதற்குப் பதில் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று இரண்டுக்குக் கொடுக்க, இரண்டு மூன்றுக்குக் கொடுக்க, மூன்று மறுபடி ஒன்றுக்கே கொடுக்கும்! அதனால் கடிதத்தின் அடியில், அது எந்தெந்தக் கணினிகளுக்குப் போய்விட்டது என்று எண்களைக் குறித்தார்கள். 'சீன்-பை' வரி என்று பெயர். எந்த வரிசையில் கைமாறியது என்று காட்ட 'பாத்' வரியும் பிற்பாடு வந்தது. ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்து அந்த வரிகளை ஒப்பிடுவார்கள். வழி எங்கே பிரிகிறதோ, அங்கே இருப்பவரைக் கூப்பிட்டு, "ஐயா, அந்த இணைப்பைக் கொஞ்சம் கழற்றுங்கள்" என்று கேட்டால் வேலை முடிந்தது.