சித்திரக்கவி

சித்திரக்கவி என்பது தேர், வேல், தாமரை, பாம்பு, சக்கரம் முதலிய கோட்டுருவங்களுக்குள் எழுத்துகளை அடைத்து, அந்த உருவத்தின் போக்கிலேயே படிக்கும்படி இயற்றப்படும் செய்யுள். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நாற்கவிகளுள் ஒன்று. இயற்றுவதற்கு அரிதானதால் மிறைக்கவி என்றும் பெயர். கவிதையும் கையெழுத்தும் எளிய கோடும் ஒரே தாளில் பிரிக்க முடியாதபடி சேரும் கலை இது.

இலக்கணமும் இலக்கியமும்

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம், சொல்லணியியலில் இதன் வகைகளுக்கு இலக்கணம் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயரின் மாறனலங்காரம் அதை விரித்தது. பரிதிமாற் கலைஞர் (1870–1903) சித்திரக்கவிக்கென்றே தனி விளக்கநூல் எழுதினார்.

பாட்டு இலக்கணத்துக்கு மூத்தது. 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் மாலைமாற்றும் திருவெழுகூற்றிருக்கையும் பாடியிருக்கிறார். எண்கள் ஏழு வரை படிப்படியாக ஏறி இறங்கும் எழுகூற்றிருக்கையைத் தேர்த்தட்டுகளாக அடுக்கி எழுதுவது மரபு. திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் இவ்வகையில் பாடியுள்ளனர்.

கட்டமைப்பு

மாலைமாற்று, ‘விகடகவி’ என்ற சொல்லைப் போல, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். கோமூத்திரியில் இரண்டு வரிகளை மேலும் கீழுமாக எழுதி, ஓர் எழுத்து மேலே, அடுத்தது கீழே எனக் கோணிக் கோணிப் படித்தாலும் அதே வரிகள் கிடைக்கும். ஒன்றுவிட்ட எழுத்துகள் இரு வரிகளிலும் பொதுவாக இருப்பதே இதன் சூட்சுமம். நடந்துகொண்டே மாடு பெய்த மூத்திரம் தரையில் விடும் நெளிகோடுதான் இதற்குப் பெயர் தந்தது.

நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் இரண்டு பாம்புகளின் உடலில் இரண்டு வெண்பாக்கள் ஓடும். உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் ஓர் எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொது. அந்த எழுத்தை மாற்றினால் இரண்டும் குலையும். கோடு இங்கே அலங்காரமாக மட்டும் நிற்பதில்லை. எந்தச் சொல் வரலாம் என்பதை முடிவுசெய்யும் யாப்பாகிறது.

காரியாபட்டி வட்டாரமும் பாம்பன் சுவாமிகளும்

இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகள் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அந்த மாவட்டத்தின் கடற்கரையில் தோன்றியவர், சித்திரக்கவியை வீட்டுப் பூசையறை வரை கொண்டுசேர்த்த பாம்பன் குமரகுருதாச சுவாமிகள். 1891இல் சண்முக கவசம் பாடிய அவர் 1929இல் சென்னையில் சமாதியடைந்தார். திருவான்மியூரில் அவரது சமாதிக் கோயில் உள்ளது. வேல் வடிவில் அமைந்த சஸ்திர பந்தம், மயூர பந்தம், கமல பந்தம், இரத பந்தம், சதுரங்க பந்தம், துவிதநாக பந்தம் ஆகியவை அவர் இயற்றியவை. வேலின் கட்டங்களில் எழுத்து நிறைந்த சஸ்திர பந்தப் படத்தை அச்சிட்டு வழிபடும் வழக்கம் இன்றும் உண்டு.

தண்டியலங்காரம் கூறும் மற்றொரு சித்திரக்கவி வகையான சுழிகுளத்தில், எட்டெட்டு எழுத்தாக நான்கு வரி எழுதி, வெளியிலிருந்து உள்ளே சுழன்று படித்தாலும் அதே பாட்டு வரும். நீரின் சுழியைக் கண்டு வைத்த பெயர் அது. பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழித்து மண்ணுக்குள் செலுத்தியதாகத் திருச்சுழித் தலபுராணமும் சொல்கிறது. மழையை எதிர்பார்த்து வாழும் ஒரு பகுதியில், ஊரின் பெயரிலேயே நீரின் சுழி தங்கியிருக்கிறது. எதையும் எழுதத் தொடங்குமுன் போடும் பிள்ளையார் சுழியும் பாதி எழுத்து, பாதி படம். கோடும் எழுத்தும் வேறல்ல என்ற உணர்வு புலவர்களுக்கு மட்டும் உரியதன்று.

அச்சு

ஈய எழுத்துகளை நேர் வரியில் கோப்பது எளிது. பாம்பின் வளைவில் நிறுத்துவது கடினம். கையால் வரைந்து எழுதிய படத்தைப் பிளாக் எடுத்து அச்சிட்டால் எழுதியவரின் கை அச்சிலும் தங்கும்.

பிற மரபுகள்

வடமொழியில் பாரவியும் மாகரும் தம் காவியங்களில் தலா ஒரு சருக்கத்தை இத்தகைய பாட்டுகளுக்கு ஒதுக்கினர். ஆங்கிலத்தில் ஜார்ஜ் ஹெர்பெர்ட் 1633இல் வெளியான தொகுப்பில் சிறகு வடிவில் பாடினார். பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் ‘காலிகிராம்’ தொகுப்பு 1918இல் வந்தது. கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையைத் தொடங்கினார். படித்துப் பொருள் காண்பதற்காக அன்றிப் பார்ப்பதற்காகவே அவர் எழுத்துகளை நிரப்பினார்.

மதிப்பீடு

9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீர அறிஞர் ஆனந்தவர்த்தனர், சித்திர காவியத்தில் தொனி, அதாவது குறிப்புப்பொருள், இல்லை என்று அதைக் கடைநிலையில் வைத்தார். வெறும் வித்தைக்காகக் கட்டிய பாட்டுகளுக்கு அது பொருந்தும். நல்ல பந்தத்துக்குப் பொருந்தாது. வேலின் கட்டங்களில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பவர், பாட்டைச் சொல்லும்போதே வேலையும் வரைந்து முடிக்கிறார்.